ஆம்பளைங்களும் போடட்டுமே

இது டாக்டர் கோட்டு இல்லை அக்கா. மடியில் மடித்து வைத்திருப்பதைப் பார்த்துக் கேட்டீர்கள், தப்பில்லை. இந்த பஸ்ஸில் எப்படியும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் காலை நீட்டி, வீக்கம் எதனால் என்று கேட்டார். நான் இன்ஜினியரிங் காலேஜில் டீச்சர். எங்கள் காலேஜில் பெண்கள் சேலை கட்ட வேண்டும், சேலைக்கு மேல் இதைப் போட வேண்டும். ஆண்களுக்கு இது கிடையாது. நடுவில் கொஞ்ச நாள் அவர்களுக்கும் இருந்ததாம். அது ஒரு கதை.

கதை என்றால், நான் பார்த்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சேர்வதற்கு முந்தின வருஷம் நடந்தது. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருக்கிற ஜெபக்கனி சொன்னாள். அவள் காலேஜ் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோரில் இருக்கிறாள். ஜன்னல் வழியாகக் கருவிகளை எடுத்துக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொள்வாள். அந்த ஜன்னலில் இருந்தால் எல்லாம் தெரியும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். கூட்டினது எது என்று எனக்குத் தெரிந்த அளவுக்குக் கழித்துவிட்டுத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சண்முகவடிவு என்று ஒரு மேடம். வடிவு மேடம் என்பார்கள். மெக்கானிக்கல் டிபார்ட்மென்டில் ஒரே பெண். ஒர்க்‌ஷாப் அவர்கள் பொறுப்பில்தான் இருந்தது. லேத் பார்த்திருக்கிறீர்களா அக்கா? இரும்புத் தடி வேகமாகச் சுற்றும், பக்கத்தில் ஒரு கூர்மையான டூல் நகர்ந்துகொண்டே அதைச் சீவும். சீவின இரும்பு சுருள் சுருளாக விழும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே பயம். வடிவு மேடம் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கைப்பிடியில் கை வைக்கச் சொல்வார்களாம். பெண்பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம்.

"பயமா இருக்கா?"

"ஆமா மேடம்."

"இருக்கணும். பயத்தோடயே திருப்பு."

இதை ஜெபக்கனி நடித்தே காட்டுவாள். நானும் மெக்கானிக்கல்தான் படித்தேன். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் லேத்துக்குப் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதியே பாஸானவள்.

பிரச்சினை என்னவென்றால், சேலையும் கோட்டும் லேத்தும் ஒன்றுக்கொன்று ஆகாது. வடிவு மேடம் ஒர்க்‌ஷாப் வகுப்புக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி ஸ்டோர் ஜன்னலில் போட்டுவிட்டு, "ஏட்டி ஜெபா, இதுக்கும் ஒரு டோக்கன் போடு" என்பார்களாம். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியிருக்கிறது.

ஜூன் மாதம் அட்மிஷன் சமயம். கரஸ்பாண்டன்ட், அதாவது காலேஜ் முதலாளி, பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோரைத் தானே கூட்டிக்கொண்டு சுற்றிக்காட்டுவார். நல்ல மனுஷர் அக்கா, அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஹாஸ்டலில் இடம் இல்லை என்று சொன்னபோது அவர்தான் போன் போட்டு வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு குடும்பத்தோடு வந்து நிற்கிறார். உள்ளே வடிவு மேடம் கோட்டு இல்லாமல், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு, குனிந்து லேத்தில் நிற்கிறார்கள். தகரக் கூரை. வேர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. பெற்றோரை அப்படியே லைப்ரரி பக்கம் திருப்பிக் கூட்டிப் போய்விட்டார்.

சாயங்காலம் கூப்பிட்டு விட்டிருக்கிறார்.

"மேடம், ஒங்க வேலையில நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனா நாலு பேரு வந்து போற இடம் பாத்துக்கிடுங்க."

"சார், அப்ப ஒர்க்‌ஷாப் நேரத்துக்கு மட்டும் நான் காக்கிச் சட்டை, பேன்ட் போட்டுக்கிடுதேன். பிள்ளைங்க போடுதாங்கல்லா, பொம்பளைப் பிள்ளைங்களும்தான்."

"பிள்ளைங்க வேற, டீச்சர் வேற மேடம்."

"மெஷினுக்கு அது தெரியாதே சார்."

இப்படிப் பேசலாமா என்று நீங்களே சொல்லுங்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் மெதுவாகக் கேட்டிருக்கலாம். நான் எதைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் எழுதி, நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் கேட்காமலேயே விட்டுவிடுவேன்.

அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் கரஸ்பாண்டன்ட் பொதுவாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. பெண் ஊழியர்கள் காலேஜுக்குள் எந்த இடத்திலும் கோட்டைக் கழற்றக் கூடாது. வடிவு மேடம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"சார், எங்களுக்கு மட்டும் எதுக்கு இந்த மூடி?"

"மூடின்னு ஏன் சொல்லுதீங்க? பாதுகாப்புன்னு சொல்லுங்க. பசங்க கையில எல்லாம் செல்போன் இருக்கு. எவன் எங்க இருந்து படம் எடுப்பான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப செல்போனை வாங்கி வைங்க சார்."

எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அவரும் சிரித்திருக்கிறார். "மேடம், இதைப் போயி பாரபட்சம்னு எடுத்துக்கிடாதீங்க. ஒழுங்குன்னா எல்லாருக்கும் ஒழுங்குதான்" என்றார்.

"எல்லாருக்கும்னா, ஆம்பளைங்களும் போடட்டுமே சார்."

அவர்கள் குத்தலுக்குத்தான் சொன்னார்கள். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். கரஸ்பாண்டன்ட், "நல்ல யோசனை மேடம். ஏன், போடட்டுமே" என்றாராம். கைதட்டல் நின்றுபோனது என்று ஜெபக்கனி சொல்வாள்.

அடுத்த திங்கட்கிழமை டெய்லர் வந்து வராந்தாவில் உட்கார்ந்து எல்லா ஆண்களுக்கும் அளவு எடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் முதலில் கேட்டபோது சிரித்தேன். கெமிஸ்ட்ரி சாரை ஊரில் எல்லாரும் 'கம்பவுண்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கான்டீனில் டீ போடுகிறவர், "டாக்டரய்யா, சீனி போடலாமா?" என்று கேட்பார். வெயில் வேறு. மதியத்துக்குள் அக்குள் எல்லாம் மஞ்சள் பூத்துவிடும். ஆண்கள் வடிவு மேடத்தைப் பார்த்தால், "எல்லாம் ஒங்க புண்ணியம் மேடம்" என்று கும்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே கும்பிட்டார்கள், கொஞ்ச நாளில் சிரிப்பை விட்டுவிட்டார்கள். டீ குடிக்கும்போது அவர்கள் வந்தால் எழுந்து போனார்கள். பெண்களும் சரியாகத் துணை நிற்கவில்லை. "ஆம்பளைங்களைப் பகைச்சிக்கிட்டு என்ன மேடம் ஆகப்போகுது" என்றார்கள். எல்லாரும் கோட்டுப் போட்டதில் வடிவு மேடத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. லேத்துப் பக்கத்திலும் அதைப் போட்டுக்கொண்டே நின்றார்கள். ஜன்னலில் கழற்றி வைக்கிற வழக்கமும் போய்விட்டது.

நீங்கள் கேட்கிறது புரிகிறது. இது பாரபட்சம்தானே என்கிறீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை அக்கா. எனக்கு இந்தக் கோட்டு ஒரு விதத்தில் உதவி. வேலைக்கு வரும்போது என்னிடம் நல்ல சேலை இரண்டுதான் இருந்தது, ஒன்று என் அத்தை மகளுடையது. எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் யாரும் ஆபீஸ் வேலைக்குச் சேலை கட்டிப் போனதில்லை. என்ன கட்ட வேண்டும், எதோடு எது சேரும் என்று சொல்ல ஆள் கிடையாது. கோட்டைப் போட்டுவிட்டால் கழுத்துக்குக் கீழே எல்லாரும் ஒன்று. வடிவு மேடம் என்னை மாதிரி ஆட்களை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். வேர்க்கும், அது உண்மை. முதுகில் வேர்க்குரு தை மாதத்தில்கூடப் போகவில்லை. அது என் உடம்பு வாகு.

இனிமேல்தான் அக்கா விஷயம்.

மெக்கானிக்கலில் இசக்கிராஜ் என்று ஒரு சார். வடிவு மேடத்துக்குத் தம்பி மாதிரி. லேத் வேலையை அவர்களிடம்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஆண்கள் எல்லாரும் சேர்ந்து கோட்டை எப்படிக் கழற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது வடிவு மேடமே அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஜன்னலுக்கு நேரே நின்றுதான் பேசினார்கள், அதனால் இது ஜெபக்கனி காதால் கேட்டது.

"வெயிலுன்னு சொல்லாதீங்க இசக்கி. வெயிலுன்னா ஃபேன் வாங்கித் தாரேன்னு சொல்லிருவாரு. மெஷினுன்னு சொல்லுங்க. சுத்துற மெஷினுக்குப் பக்கத்துல தொங்குற துணி ஆகாதுன்னு சொல்லுங்க. அதுக்கு அவரால பதில் சொல்ல முடியாது."

"நீங்களே சொல்லலாமே மேடம்?"

"நான் சொன்னா வம்புக்குச் சொல்லுதேன்னு நினைப்பாரு. நீங்க சொன்னா நடக்கும். ஒங்களுக்கு ஒத்துக்கிட்டா எனக்கும் ஒத்துக்கிட்டுத்தானே ஆகணும்? மெஷின் ஒண்ணுதானே?"

இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

மீட்டிங்கில் இசக்கிராஜ் சார் நன்றாகப் பேசினார். மெஷின், தொங்குகிற துணி, எல்லாம் வடிவு மேடம் சொன்ன மாதிரியே சொன்னார். கரஸ்பாண்டன்ட் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ஆனால் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்னும் வலுவாக இருக்கட்டும் என்று இசக்கிராஜ் சார் ஒன்றைச் சேர்த்தார். பக்கத்து மாவட்டத்து காலேஜ் பெயரைச் சொல்லி, "அங்க போன வருஷம் ஒரு மேடத்தோட முந்தானை லேத்துல மாட்டி, கழுத்தை இழுத்துட்டுப் போயிருச்சு சார்" என்றார்.

கரஸ்பாண்டன்ட்டுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"இதை ஏன் எனக்கு முன்னாலயே சொல்லல?" என்றார். உடனே முடிவு சொன்னார். ஆண்களுக்குக் கோட்டு வேண்டாம், எல்லாரும் ஏதாவது ஒரு லேபில் மெஷினோடு நிற்கிறவர்கள். ஒர்க்‌ஷாப்புக்குள் சேலை கட்டின யாரும் இனிமேல் போகக் கூடாது.

வடிவு மேடம் எழுந்தார்கள். "சரி சார். அப்ப நான் காக்கி போட்டுக்கிடுதேன்."

"வேண்டாம் மேடம். நீங்க இனிமே அந்தப் பக்கமே போக வேண்டாம்."

"சார், ஆபத்து சேலையிலதானே இருக்கு? நான் அதைத்தானே மாத்துதேங்கேன்."

"மேடம், டீச்சருன்னா சேலைதான். அதுல பேச்சுக்கே இடமில்ல. ஒங்க உயிருக்கு நான் பொறுப்பு. நாளைக்கு ஒங்க வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? திட்டினால் பதில் சொல்லலாம். உன் உயிர் முக்கியம் என்று ஒருத்தர் கண்கலங்கிச் சொன்னால் என்ன சொல்வது? வடிவு மேடம் இசக்கிராஜ் சாரைப் பார்த்தார்கள். அவர் தன் கோட்டின் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப் இசக்கிராஜ் சாருக்குப் போனது. வடிவு மேடத்துக்கு இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பும், அட்மிஷன் கவுன்டரும். கவுன்டரில் பெண்கள் இருந்தால் பெற்றோருக்கு நம்பிக்கை வரும் என்பார்கள். அது உண்மைதான், என்னையும் இந்த வருஷம் அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப் வாசலில் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். இடைவேளையில் வடிவு மேடம் வந்து அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்களாம். சும்மா நிற்பார்கள். ஒரு நாள் உள்ளே ஒரு லேத் கிறீச்சென்று கத்தியிருக்கிறது. வாசலில் இருந்தே, "இசக்கி, அந்தக் கடைசி மெஷின்ல டூல் மழுங்கிட்டு, மாத்துங்க" என்று சத்தம் போட்டார்கள். இசக்கிராஜ் சார் வெளியே வந்து மெதுவாக, "மேடம், பிள்ளைங்க முன்னால வேண்டாமே" என்றார்.

"நான் உள்ள வரலையே."

"வரல. ஆனா நிக்கீங்கள்ல."

அன்றைக்கு வடிவு மேடம் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார்கள். ஜெபக்கனி ஸ்டூலை எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை. "ஏட்டி, நான் என்ன கேட்டேன்? ஒரு சட்டையும் பேன்ட்டும்தானே கேட்டேன்?" என்று மட்டும் கேட்டார்கள். ஜெபக்கனி, "மேடம், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பெண்பிள்ளைகள் விஷயமும் மாறிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. இசக்கிராஜ் சாருக்குப் பயம், அவ்வளவுதான். அவரே சொன்ன கதை அவருக்கே பயமாகிவிட்டது. "நீங்க பக்கத்துல நின்னு பாத்து எழுதிக்கிடுங்க" என்று பெண்பிள்ளைகளை ஓரமாக நிற்க வைத்தார். அவர்கள் காக்கிதான் போட்டிருந்தார்கள். அவர்களுக்கும் மார்க்கு போட்டுவிடுவார். ஒரு பிள்ளை மட்டும் வடிவு மேடத்திடம் போய்ச் சொன்னது. மேடம் கரஸ்பாண்டன்ட்டைப் பார்க்க மூன்று தடவை போனார்கள். ஒவ்வொரு தடவையும் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, "ஒங்களுக்குத்தான் வேலை குறைஞ்சிருக்கே மேடம், ஏன் வருத்தப்படுதீங்க?" என்று கேட்டார்.

செமஸ்டர் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. வழியனுப்பு விழாகூட வைத்தார்கள், ஒரு பட்டுச் சேலை கொடுத்தார்கள்.

அந்த இடத்துக்குத்தான் அக்கா நான் வந்திருக்கிறேன். இன்டர்வியூவில் கரஸ்பாண்டன்ட் என்னிடம், "ஒர்க்‌ஷாப் வேணும்னு கேக்க மாட்டீங்களேம்மா?" என்று கேட்டார். "கேட்க மாட்டேன் சார்" என்றேன். எனக்கு அப்போது இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் படித்தது உருப்படியான காரியம் என்று தோன்றியது. ராத்திரி ஜெபக்கனி இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு நான் கேட்டது ஒன்றுதான். அந்த இன்னொரு காலேஜ் மேடம் பிழைத்துக்கொண்டார்களா? ஜெபக்கனிக்குத் தெரியவில்லை. எங்கள் காலேஜில் யாருக்குமே தெரியவில்லை. ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. எனக்கு மட்டும் அது மனதிலேயே கிடந்தது. டிராயிங் வகுப்பில் பலகையில் வட்டம் போடும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். டிராயிங் ஹாலில் சுற்றுகிற பொருள் ஃபேன் ஒன்றுதான், அதுவும் உச்சியில்.

போன மாதம் பரீட்சை மேற்பார்வைக்கு என்னை அந்தக் காலேஜுக்கே அனுப்பினார்கள். கடைசி நாள் பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தேடிப் பிடித்து அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே ஃபோர்மேன் ஒருத்தர் இருந்தார். உங்கள் காலேஜில் லேத்தில் சேலை மாட்டிக்கொண்ட மேடம் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எந்த மேடம்மா?" என்றார். "எங்க ஒர்க்‌ஷாப்ல மேடமே கிடையாதே. என்னைக்குமே கிடையாது."

"லேத்துல ஒரு விபத்துன்னு சொன்னாங்க."

"அது ஒரு பையன்லா. நான்தான் ஓடிப்போயி சுவிட்சை அமத்துனேன்."

அக்கா, கயத்தாறு வந்துவிட்டது. நீங்கள் இறங்க வேண்டும், முடித்துவிடுகிறேன். இதை எங்கள் காலேஜில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களிடம் சொல்கிறேன். சொன்னால், நீ எதற்கு அங்கே போய் விசாரித்தாய் என்பார்கள். வடிவு மேடத்தின் நம்பர் ஜெபக்கனியிடம் இருக்கிறது. அதையும் இன்னும் கேட்கவில்லை.

விபத்து நடந்தது நிஜம். பையன் பிழைத்துக்கொண்டான், கழுத்தில் தழும்பு இருக்கிறது. லேத்தில் மாட்டியது சேலையும் இல்லை, கோட்டும் இல்லை. அவன் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு கயிறு. அந்தக் காலேஜில் இப்போது எல்லாரும் அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். திரும்பி வந்து எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, அதையும் பார்த்துவிட்டேன். எங்கள் காலேஜில் லேத்தில் நிற்கும்போதும் கயிறு கழுத்தில் இருந்தே ஆக வேண்டும். அதில் மட்டும் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.